முளைக்கக் கூடாத தட்டுகள்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் மில்லியக்கா. மில்லிகிராம் என்பதைச் சுருக்கி யாரோ வைத்த பட்டப்பெயர் அது. ஐந்து கிராம் தூள் வேண்டுமென்றால் ஐந்து கிராம்தான் போடுவாள், தராசு 5.001 என்று காட்டினால் அந்தக் கடைசி ஒன்றை வழித்தெடுக்கும் வரை மூச்சுகூட விட மாட்டாள். மூச்சுக்காற்று பட்டால் தராசு ஆடும் என்பது அவள் கட்சி. அது உண்மையும்கூட.

அவள் வேலை பாக்டீரியாவுக்குச் சமைப்பது. கேட்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பாக்டீரியாவும் ஓர் உயிர்தானே, பட்டினி கிடந்தால் அதுவும் சாகும். உப்பு, சர்க்கரை, பால் புரதத்தூள், ஈஸ்ட் சத்துத்தூள், இவற்றை அளந்து தண்ணீரில் கரைத்து, கட்டியாவதற்கு அகார் சேர்த்து, ஆளுயரக் குக்கர் ஒன்றில் வேகவைத்து, கொஞ்சம் ஆறியதும் வட்டத் தட்டுகளில் ஊற்றி வைப்பாள். மாடியில் இருக்கும் விஞ்ஞானிகள் அந்தத் தட்டுகளில்தான் தங்கள் பாக்டீரியாவைத் தடவி வளர்ப்பார்கள். பதினோரு வருடமாக அவள் ஊற்றிய தட்டு எதுவும் சொதப்பியதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு இருந்தது. இருக்கக் கூடாது என்று சொல்ல நாம் யார்?

இவ்வளவு துல்லியம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. மகளால் வந்தது. புரதம் சாப்பிடு, உடம்புக்கு நல்லது என்று உலகமே பிள்ளைகளுக்கு ஊட்டுகிறது. அவள் மகளுக்கு அதுவே விஷம். புரதத்துக்குள் இருக்கும் ஒரு துண்டை உடைத்துப் போடும் வேலையாள் அந்தப் பெண்ணின் ஈரலில் பிறவியிலேயே இல்லை. உடையாத துண்டு ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கும். பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் இதைச் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து பால் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி இல்லை. ரொட்டித் துண்டுகூடத் தராசில் ஏறி இறங்கித்தான் தட்டுக்கு வரும். பதிலுக்கு நாற்றமடிக்கும் ஒரு மருந்துப்பாலை நாளைக்கு மூன்று தம்ளர் குடிக்க வேண்டும்.

பன்னிரண்டு வயது வரை மகள் சொன்னபடி கேட்டாள். அப்புறம் எந்தப் பெண் அம்மாவின் தராசுக்குக் கட்டுப்படுவாள்? மருந்துப்பால் தொட்டிச் செடிக்குப் போனது. தோழிகளின் சாப்பாட்டு டப்பாவில் இவள் கையும் நுழைந்தது. பதினாறு முடிவதற்குள் ரத்தத்தில் அந்தத் துண்டின் அளவு இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்காகிவிட்டது. மகளின் புத்தகம் ஒரே பக்கத்தில் மணிக்கணக்காகத் திறந்து கிடந்தது. பேச ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவாள். "என்னவோ சொல்ல வந்தேன்மா, போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். திட்டவும் மனம் வராது, திட்டாமல் இருக்கவும் முடியாது. மில்லியக்கா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் பல.

இந்த நேரத்தில்தான் மாடியில் அந்த பாக்டீரியா தயாராகிக்கொண்டிருந்தது. தலைமை விஞ்ஞானியான மேடம் ஆறு வருடமாக அதையே கட்டிக்கொண்டு மாரடித்தார். வயிற்றுக்கு நல்லது என்று மாத்திரைகளில் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் ஒரு சாதுவான பாக்டீரியா அது. அதன் மரபணுவுக்குள், மகளின் ஈரலில் இல்லாத அந்த வேலையாளைச் செய்யும் குறிப்பை எழுதி வைத்தார்கள். மாத்திரையாக விழுங்கினால் அது குடலில் உட்கார்ந்து, அந்தப் பொல்லாத துண்டை ரத்தத்துக்குப் போகும் முன்பே தின்றுவிடும்.

மாற்றி எழுதிய உயிரை அப்படியே உலகத்தில் அவிழ்த்துவிட முடியாது அல்லவா? அதனால் ஒரு பூட்டும் போட்டார்கள். உயிர் வாழ அதற்குத் தேவையான ஒரு பொருளை அதுவே செய்துகொள்ளும் திறமையை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்தப் பொருளைக் கையால் ஊட்டினால்தான் பெருகும். வெளியே தப்பிப் போனால் பட்டினியில் செத்துவிடும். இந்தப் பூட்டை நம்பித்தான் அனுமதிக் குழு மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. முதல் சோதனைக்குப் பன்னிரண்டு நோயாளிகள். பதினோராவது இடத்தில் மில்லியக்காவின் மகள்.

ஊழியரின் பிள்ளை சோதனையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. "அவங்க மருந்தைத் தொடுறதில்ல, பரிசோதனையும் பண்றதில்ல. கீழ சமையலறையில இருக்காங்க, அவ்வளவுதான்" என்று மேடம் தர அதிகாரியிடம் வாதாடி ஒரு விலக்கு வாங்கியிருந்தார். தர அதிகாரி சட்டைப்பையில் நான்கு பேனா வைத்திருப்பவர். ஆய்வுக்கூடத்தில் நடப்பது எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

கடைசியாக மிச்சமிருந்தது பூட்டுச் சோதனை மட்டும். அந்தத் தேவையான பொருள் இல்லாத தட்டுகளில் பாக்டீரியாவைத் தடவி மூன்று நாள் வைக்க வேண்டும். தட்டு காலியாக இருந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான்காம் நாள் காலை, சோதனையைச் செய்த சின்ன டாக்டர் சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். இருபத்தெட்டு வயதுப் பெண், முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, முளைச்சிருக்கு."

முளைத்திருக்கிறது என்பது அந்த அறையில் எப்போதும் நல்ல செய்தி. மில்லியக்கா பழக்கத்தில் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது.

"எது? பூட்டுத் தட்டா?"

"பத்துல ஏழு. ஊசிமுனை மாதிரி சின்னச் சின்னப் புள்ளி. மறுபடி வெச்சுப் பாக்கச் சொல்லியிருக்காங்க மேடம்."

மறுபடியும் வைத்தார்கள். மில்லியக்கா புதிதாகத் தட்டு ஊற்றிக் கொடுத்தாள், இன்னும் கவனமாக. இந்த முறை பத்தில் ஒன்பது முளைத்தது. மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"பூட்டு உடைஞ்சிருக்கு. எப்படியோ அது பட்டினியைத் தாண்டிப் பிழைக்கக் கத்துக்கிச்சு. வெள்ளிக்கிழமை அனுமதிக் குழுவுக்கு எழுதிடுவேன். திரும்பவும் முதல்லேர்ந்து கட்டணும். ரெண்டு வருஷம் ஆகலாம்."

ரெண்டு வருஷம் என்பதை அவர் ஆறு வருட உழைப்போடு வைத்துப் பார்த்தார். மில்லியக்கா மகளின் மூளையோடு வைத்துப் பார்த்தாள். கீழே இறங்கினாள்.

சமையலறையில் ஏ.சி. பழுதாகி ஒன்றரை மாதம். மழைக்காலம் வேறு. ஈஸ்ட் தூள் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பாகு போலப் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்காதவள் அல்லவா, அளக்கும் கரண்டியை எடுத்து வெந்நீரில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அந்தக் கரண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எவர்சில்வர். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான். ஒரு ஜாடிக்கு ஒரு கரண்டி என்பது விதி. அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அவள் தலைக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஆணி அடித்ததே அவள்தான். ஆனால் அந்த விதி கை நடுங்குகிறவர்களுக்கு என்று அவளுக்கு ஓர் எண்ணம். ஒரே கரண்டியால் அள்ளி, ஸ்பிரிட் துணியால் ஒரு துடை துடைத்து, அடுத்த ஜாடிக்குள் விடுவாள். ஒரு துகள் சிந்தாது. இத்தனை வருடத்தில் ஒரு தட்டும் கெட்டதில்லையே!

கெடாமல் இருந்ததற்குக் காரணம் அவள் கைத்திறமை இல்லை. மற்ற தட்டுகள் எல்லாவற்றிலும் ஈஸ்ட் தூள் எப்படியும் சேரும்; அதில் ஒரு துகள் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? பூட்டுத் தட்டில் மட்டும்தான் பால் புரதத்தூள் உண்டு, ஈஸ்ட் தூள் கூடாது. பாக்டீரியாவுக்கு எதை மறுத்தார்களோ, அந்தப் பொருள் ஈஸ்ட் தூளில் இருக்கிறது.

கரண்டியின் கிண்ணமும் காம்பும் சேரும் மடிப்பில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். முகர்ந்து பார்த்தாள். ஈஸ்ட் தூள். பால் புரதத்தூள் ஜாடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். வெள்ளைத் தூளுக்குள் பழுப்பாக ஒரு துணுக்கு. கிளறினால் இன்னொன்று. அப்புறம் ஒன்று.

பூட்டு உடையவே இல்லை. உள்ளே அடைத்துப் பட்டினி போட்டிருந்த கைதிக்கு அவளே கதவிடுக்கு வழியாகச் சோறு போட்டிருக்கிறாள்.

சந்தோஷத்தில் அவளுக்குக் கூவ வேண்டும் போலிருந்தது. அடுத்த நொடியே ஜாடியை மூடினாள். இதைச் சொன்னால் பேனாக்காரர் கேட்கும் முதல் கேள்வி அவளுக்குத் தெரியும். பாதுகாப்புச் சோதனைக்கான தட்டை நோயாளியின் அம்மாவா ஊற்றினாள்? விலக்கு பறிபோகும். பட்டியலிலிருந்து ஒரு பெயர் அடிபடும்.

சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அப்போது ஏதோ கட்டடத்தில், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ வாயைத் திறக்காம இருந்தா?" என்றான் கடைசியில்.

"பன்னெண்டு பேருக்கும் கிடையாது."

"சொல்லிட்டா?"

"பதினோரு பேருக்குக் கிடைக்கும்."

போனில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது.

"போய்ச் சொல்லிடு" என்றான். "நம்ம பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டான். அவன் மட்டும் இரும்பா என்ன?

மேடத்தின் அறையில் தர அதிகாரியும் இருந்தார். மில்லியக்கா மேசை மேல் கரண்டியை வைத்தாள், பக்கத்தில் ஜாடியை வைத்தாள். மென்று முழுங்காமல், பூசி மெழுகாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மேடம் எழுந்துவிட்டார். தர அதிகாரி எழவில்லை.

"அம்மா, உங்க பொண்ணு லிஸ்ட்ல இருக்கா" என்றார். "நீங்க வந்து 'பூட்டு நல்லாத்தான் இருக்கு, கோளாறு என் கரண்டியில'ன்னு சொல்றீங்க. அதை நான் அப்படியே நம்பி எழுதிக்கணுமா? இந்தப் பழுப்புத் தூளை இன்னைக்குக் காலையில நீங்களே போட்டிருக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடத்தில் அவளைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபம் வந்தது, அவர் கேட்டது நியாயம் என்பதால் கோபம் இரண்டு பங்காக வந்தது.

"நம்ப வேணாம் சார். ஜாடிய நீங்களே சீல் வெச்சு வெளி லேபுக்கு அனுப்புங்க. முதல் தடவை முளைச்ச தட்டுங்க மாடி ஃப்ரிட்ஜ்லதான் இருக்கு, மாசக் கடைசி வரைக்கும் எடுத்து வெச்சிருப்பாங்க, அதையும் அனுப்புங்க. அதுலயும் ஈஸ்ட் இருக்கான்னு பாக்கட்டும். இன்னைக்குக் காலையில நான் அதுக்குள்ள போட முடியாதுல்ல? புதுத் தூள் வாங்கி அவங்களே தட்டு ஊத்தட்டும். நான் பக்கத்துலகூட வரல. இந்தாங்க."

சமையலறைச் சாவியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள். மேடம் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தர அதிகாரி ஒரு பேனாவை எடுத்தார், எழுதவில்லை, மூடினார்.

"வெள்ளிக்கிழமை குழுவுக்கு எழுத வேண்டாம் மேடம்" என்றார். "ரெண்டு வாரம் பொறுங்க."

அந்த இரண்டு வாரமும் அவள் வீட்டில் இருந்தாள். கணவன் மகளை உட்காரவைத்துப் பக்குவமாகத்தான் சொன்னான். மகள் நெடுநேரம் அவன் வாயையே பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்ப்பது போலிருந்தது.

"அப்ப எனக்கு மாத்திரை கிடையாதா?"

"தெரியல கண்ணு. கிடைக்காம போகலாம்."

"அம்மா ஏன் சொன்னா?"

மில்லியக்கா வாயைத் திறப்பதற்குள் மகளின் பார்வை எங்கோ போய்விட்டது. என்ன கேட்டோம் என்பதே அவளுக்கு நிற்கவில்லை. கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால்கூட மில்லியக்கா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய்க் காய்ந்த துணிகளை எல்லாம் மறுபடி துவைத்தாள்.

பதினைந்தாம் நாள் மேடமே போன் செய்து வரச் சொன்னார். மேடையில் இருபது தட்டுகள் வரிசையாக இருந்தன. வெளி லேபில் ஊற்றியவை. சின்ன டாக்டர் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஒன்றிலும் ஒரு புள்ளி இல்லை. கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தன. பழைய ஜாடியில் ஈஸ்ட் இருந்தது, ஃப்ரிட்ஜில் இருந்த பழைய தட்டுகளிலும் இருந்தது என்று அறிக்கை சொன்னது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"வெறும் தட்டைப் பாத்து அழுற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றார் மேடம். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார்.

தர அதிகாரி தொண்டையைக் கனைத்தார். கெட்ட செய்தி சொல்ல வேண்டிய நல்ல மனிதர்கள் கனைக்கும் கனைப்பு அது.

"சோதனை நடக்கும். ஆனா அந்த விலக்கை நான் ரத்து பண்ணிட்டேன். முதல்லயே குடுத்திருக்கக் கூடாது, அது என் தப்பு. இனிமே ரெண்டுல ஒண்ணுதான். நீங்க இங்க வேலையில இருக்கலாம். இல்ல, உங்க பொண்ணு சோதனையில இருக்கலாம். வீட்ல யோசிச்சுட்டுத் திங்கக்கிழமை சொன்னாப் போதும்."

மில்லியக்காவுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் பெயரைத்தான் அடிப்பார்கள் என்று இரண்டு வாரமாகத் தூங்காமல் கிடந்தவளிடம், உன் பெயரை அடித்துக்கொள்ளலாம் என்கிறார்!

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு? நாலு பேனா வெச்சிருக்கீங்க, ஒண்ணு குடுங்க."

அங்கேயே ராஜினாமா எழுதினாள். சின்ன டாக்டர்தான் விசும்பினாள். மில்லியக்கா வீடு வரைக்கும் தைரியமாக நடந்தாள். மறுநாள் காலை, போவதற்கு இடமில்லாமல் சீருடைக்கு இஸ்திரி போட்டுவிட்டு நின்றபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அறை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒரு மாதத்தில் பெயின்ட் கம்பெனி ஒன்றில் நிறம் கலக்கும் பிரிவில் வேலை கிடைத்தது. அங்கேயும் தராசுதான். ஒரு டப்பாவுக்கு ஒரு கரண்டி என்று அங்கே விதி எதுவும் இல்லை. அவளே எழுதி ஒட்டினாள், தப்பாமல் கடைப்பிடித்தாள், கடைப்பிடிக்காதவர்களைப் பிய்த்து எடுத்தாள்.

மகள் மாத்திரை விழுங்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேரில் சிலருக்கு உண்மை மாத்திரை, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது சோதனை முடியும் வரை உறைக்குள் ஒட்டியிருக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் ரத்தத்தில் அந்த அளவு கொஞ்சம் இறங்கியது. நான்காம் மாதம் பாதியானது. ஐந்தாம் மாதம் செவிலியர் எண்ணைச் சொல்லிவிட்டு, "உறையைப் பிரிக்கிற வரைக்கும் நாங்க எதுவும் சொல்லக் கூடாதும்மா" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மில்லியக்கா ஆசையை அடக்கிக்கொண்டாள். எண்கள் ஏறும், இறங்கும். பதினோரு வருடக் கணக்கை நம்பி மோசம் போனவள் அவள்.

ஆறாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மில்லியக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவன் மின்விசிறியைக் கழற்றித் தரையில் பரப்பியிருந்தான். மகள் வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"நீ ஏம்மா திரும்ப லேபுக்குப் போய்க் கேக்க மாட்டேங்குற?"

"அது முடிஞ்ச கதை. விடு."

"முடியல. ஒண்ணு, அடுத்த மாசம் என் சோதனை முடியுது. அதுக்கப்புறம் அந்த விதி உன்னைக் கட்டுப்படுத்தாது. ரெண்டு, தப்பு பண்ணினது நீ, அதைக் கண்டுபிடிச்சதும் நீ. தானா வந்து சொன்ன ஆளை யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. மூணு, உனக்கு அந்தப் பெயின்ட் வாசனை ஆகல, தினமும் தலைவலின்னு படுக்குற."

"தலைவலி வெயிலால."

"போன வாரம் நாலு நாள் மழை. அப்பவும் வலிச்சுது."

"எனக்கு வயசாச்சு. கை முன்ன மாதிரி இல்ல."

"சரி. அப்ப பெயின்ட் கம்பெனியில மட்டும் எப்படி நிக்குது? நேத்துதானே உன் அளவுல ஒரு சொட்டு பிசகாதுன்னு அப்பாகிட்ட சொன்ன?"

"அங்க போய் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிக்கிறது?"

"ஆங், இதுதான் உண்மையான காரணம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். வெக்கம். அப்ப வயசும் வெயிலும் சும்மா சாக்கு. வெக்கத்துக்கு என் பதில் ரெண்டாவது பாயின்ட்லயே இருக்கு. அதுக்கு நீ இன்னும் பதிலே சொல்லல."

எங்கேயும் பாதியில் நிற்காமல் பேசிய மகளையே மில்லியக்கா பார்த்தாள். கையில் பாதி மடித்த சட்டை அப்படியே இருந்தது. மின்விசிறியின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்த கணவனும் கையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் அவ்வளவுதான் என்று இருவருக்கும் தெரியும்.

"என்னம்மா பேசாம இருக்க?"

"நீ சொன்னதை முதல்லேர்ந்து இன்னொரு தடவை சொல்லு" என்றாள் மில்லியக்கா.

"ஏன், புரியலையா?"

"புரிஞ்சுது. நல்லாப் புரிஞ்சுது. நீ சொல்லு."

மகள் இந்த அம்மாவோடு பெரிய தொல்லை என்பது போலப் பெருமூச்சு விட்டாள். அப்புறம் சுண்டுவிரலை மடக்கி, ஒன்று என்று ஆரம்பித்தாள்.